ஐந்தாவது

புதுப்பேட்டைச் சந்தில்
ஈக்கோ வேன் ஒன்றின் வயிற்றிலிருந்து இறக்கிய
ஐந்து கியர் பெட்டியைக்
கோணி மேல் வைத்து கவுஸ் பாய் சொன்னார்:
"ஆஸ்பத்திரிக்கு சிலிண்டர் ஏத்தின வண்டி சார்.
அடி பின்பக்கம்தான்.
பல்லெல்லாம் பத்திரமா இருக்கு."
பல் இருந்தது.
எண்ணெயில் மட்டும் கொஞ்சம் மழை கலந்திருந்தது.

என் ஹெரால்டுக்கு வயது அறுபது. நாலே கியர்.
எழுபதைத் தொட்டால் போதும்,
வரிசையில் யாரோ முந்திவிட்டது போலக்
கத்த ஆரம்பிக்கும்.

கிளப் ராமசேஷன் சார்
மூன்று நாள் போனை எடுக்கவில்லை.
நாலாம் நாள்:
"ஒரிஜினாலிட்டி போச்சேப்பா."
அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய எஞ்சினுக்கும் புதுப் பெட்டிக்கும்
ஒரு துளைகூட ஒத்துப்போகவில்லை.
அம்பத்தூர் எஸ்டேட்டில், தணிகாசலத்தின் லேத்தில்,
சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்த தரகர் மாதிரி
பதினாறு மில்லி அலுமினியத் தகடு ஒன்று தயாரானது:
இந்த வீட்டுத் துளைகள், அந்த வீட்டுத் துளைகள்.
முதல் தகடு தப்பு. ஷாஃப்ட் மூன்று மில்லி நீண்டு
கிராங்கின் மூக்கில் இடித்தது.
இரண்டாவதற்குத் தணிகாசலம் காசு வாங்கவில்லை.
"தப்பு உங்க ஸ்கேல் மேல" என்று மட்டும்
ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளட்ச் தட்டின் நடு வேனுடையது,
விளிம்பு ஹெரால்டுடையது.
புரொபெல்லர் ஷாஃப்டில் நாலு விரல் வெட்டி வெல்டிங்.
தரையைக் கிழித்துத் தைத்ததில்
கியர் குச்சி பழைய இடத்துக்குப் பின்னால் முளைத்தது.
இரண்டு வாரம்
என் கை காற்றையே மாற்றிக்கொண்டிருந்தது.
ஸ்பீடாமீட்டர் கேபிள் கடைசிவரை சேரவில்லை,
முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது.

ஞாயிறு, விடியாத நேரம்.
பக்கத்தில் மெர்லின், மடியில் பிளாஸ்க்.
வண்டலூர் வந்தது. பிறந்த ஊர்தான்,
வண்டி திரும்பிப் பார்க்கவில்லை.
கூடுவாஞ்சேரி தாண்டி, காலிச் சாலையில்
கிளட்சை மிதித்து, வலப்பக்கம் ஒதுக்கி, மேலே தள்ளினேன்.

சத்தம்
மாடிப்படி இறங்கிப் போனது.

அப்புறம்தான் கேட்டது
டிக்கியில் ஜாக் உருள்வது,
கண்ணாடி ரப்பரின் சீழ்க்கை,
டேஷ்போர்டுக்குள் எந்த வருடமோ விழுந்த ஒரு நாணயம்,
மெர்லின்.

"இந்த இடம் வந்தா ஒண்ணு கேப்பேன்.
நீயும் தலையாட்டுவ."

"என்ன கேப்ப?"

"பதினோரு வருஷம் ஆமா ஆமான்னுட்டு
இப்ப என்னங்குற."

ஒரு லாரி கடந்து போகும்வரை பேசாமல் இருந்தாள்.

"நான் ஓட்டட்டுமான்னு."

சிங்கப்பெருமாள் கோயில் பெட்ரோல் பங்க் ஓரம்
இறங்கி இடம் மாறினோம்.
சீட்டை முன்னால் இழுத்தாள். நகரவில்லை.
என் கால் நீளத்துக்கே துருப்பிடித்திருந்தது.
இரண்டு பேரும் சேர்ந்து உலுக்கினோம்,
பங்க் பையன் வந்து ஒரு உதை விட்டான்.

ரிவர்ஸ் இடம் மாறியிருக்கு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
"குமிழ்லயே படம் போட்டிருக்கு" என்றாள்.

ஒன்று. இரண்டு, கரகரத்தது. மூன்று.
முள் பூஜ்யத்தில்.
என்ன வேகமோ, அவள் காலுக்குத்தான் தெரியும்.
நாலில் எஞ்சின் ஏற ஏற
என் பக்கம் திரும்பாமல் ஏதோ கேட்டாள்.
காதில் விழவில்லை.
தலை தானாக ஆடப் போனது.
பிடித்து நிறுத்தி,
"என்ன?" என்று கத்தினேன்.